தனித் தட்டு

மதியம் ஒன்று இருபது. ஆம்பூரில் ஒரு காலணித் தொழில்நுட்பக் கல்லூரியின் பெண்கள் விடுதி. சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் வழியே வெயிலோடு தோல் வாடையும் வருகிறது. ஆறு மாதப் படிப்புக்கு எத்தியோப்பியாவிலிருந்து வந்திருக்கும் செலாம், வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாள். நேற்று அவள் தன் தட்டுச் சோற்றைக் குழம்போடு உருட்டி, பக்கத்தில் இருந்த பாரதியின் வாயில் ஊட்டினாள். பிரியமானவர்களுக்கு அப்படி ஊட்டுவது அவள் ஊர் மரியாதை. பாரதியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். இன்று, விளிம்பில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்த ஒரு தட்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் தனியாக இருக்கிறது. "எச்சக் கையால ஊட்றா. பாக்கிற பொண்ணுங்களுக்குப் பேஜாரா இருக்குதாம். இனிமே அவளுக்கு அந்தத் தட்டு, அந்த மூலை டேபிள்" என்கிறார் வார்டன். பாரதியின் கழுத்து நரம்பு புடைக்கிறது. "வாங்கித் தின்னது நானு. எனக்கில்லாத பேஜாரு வேற யாருக்கு மேடம்? எங்கம்மாவுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வெச்சாங்களே, அதைத்தான் இங்க தட்டா வெக்கிறீங்களா?" வார்டன் பொட்டு வைத்த தட்டை எடுத்துச் செலாம் முன் வைக்கிறார். செலாமுக்கு இவ்வளவு வேகமான தமிழ் புரியவில்லை. பொட்டு வைத்த தட்டு புரிகிறது. அவள் முகம் இறுகுகிறது. "வேணாம்" என்று அதைத் தள்ளிவிட்டு, எல்லோருக்குமான அடுக்கிலிருந்து ஒரு தட்டை உருவிச் சமையற்காரர் கோவிந்தம்மாளிடம் நீட்டுகிறாள். சோற்றுக் கரண்டியோடு கோவிந்தம்மாள் வார்டனைப் பார்க்கிறார். நீட்டிய தட்டைச் செலாம் இறக்கவில்லை. பின்னால் நிற்கும் நாற்பது பேரில் ஒருத்திகூட அவளைத் தாண்டி வரவில்லை.