காலிப் பைக்கு ஒரு ஜெபம்

ஏரலில் வெள்ளம் வடிந்த தெருவில் வெயில் விழுகிறது. சுவர்களில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. ஜெபக்கனி வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உபதேசியார் வேதமுத்து துணிப்பையை விரிக்கிறார். தினமும் உலை வைக்குமுன் ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைப் பரண்மேல் தனிப் பானையில் எடுத்துவைப்பது அவள் வழக்கம். சனிக்கிழமை அதைக் கோவிலுக்கு வாங்கிப்போக அவர் வருவார். இன்று அவள் பானையைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். நாலைந்து அரிசி உதிர்கிறது. “என்னம்மா, எடுத்து வைக்கலியா?” “வச்சேன்யா. பக்கத்து வீட்டுச் சுடலைவடிவுக்கு அரிசி பூரா வெள்ளத்துல ஊறி நாறிட்டு. காலைல அவ பாத்திரத்துல தட்டிட்டேன்.” “அது ஆண்டவருக்குள்ளதுல்லா?” “ஆமாய்யா. எனக்குள்ளதுன்னா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.” அவர் அவளையே பார்க்கிறார். பையைச் சுருட்டவில்லை. காணிக்கை வாங்கியதும் ஜெபிக்கிற வழக்கப்படியே, காலிப் பையை இரு கைகளிலும் ஏந்திக் கண்களை மூடுகிறார். ஜெபக்கனி சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிடுகிறாள். காயும் சேற்றின் வாசனை வாசலெங்கும் நிற்கிறது. “உமது பிள்ளை படைத்த இந்தக் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும், ஆண்டவரே” என்று அவர் குரல் தழைகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம், சுடலைவடிவின் அடுக்களையில் குக்கர் நீளமாக விசிலடிக்கிறது. “ஆமென்” என்கிறாள் ஜெபக்கனி.