மீசைக்கு வாரண்டி

ஆட்டத்தின் எழுபத்தொன்றாவது நிமிடத்தில் டிவி கறுத்துவிட்டது.

வீடியோ கேம் கன்சோல் ஒரு பெருமூச்சு விட்டு, சிவப்பு விளக்கை மூன்று முறை சிமிட்டி, அடங்கியது.

அப்போது கணக்கு இதுதான்: என் தம்பி ரூபியேல் நான்கு கோல், என் கணவர் எலியேசர் சைபர்.

தோற்பவர் மீசையை எடுக்க வேண்டும் என்பது பந்தயம். ரூபியேலுக்கு மீசை என்ற பெயரில் நாலு முடிதான். போனாலும் யாருக்கும் தெரியாது. எலியேசரின் மீசை அப்படியில்லை, அவர் தெருமுனை திரும்புவதற்கு முன் அது திரும்பும்.

முடிதிருத்தும் தூலியோ ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அவரைக் கூட்டி வந்தது நான். அந்த மீசையின் முதல் எதிரி நான் என்பது பாரன்கீயா நகரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். சூப்பில் நனையும், மாம்பழ நார் ஒட்டும், முத்தம் கொடுத்தால் குத்தும். பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி வீட்டு அறையில் கூடியிருந்த அத்தனை பேரும் எலியேசரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. என் கை ரெண்டும் கன்ட்ரோலர்லதானே இருந்துச்சு."

"சும்மாத்தான் இருந்துச்சு மச்சான். அதான் நாலு கோல்" என்றான் ரூபியேல்.

பொத்தானை அழுத்திப் பார்த்தான். மறுபடி சிவப்பு விளக்குதான்.

கோல் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மீதிப் பத்தொன்பது நிமிடத்தையும் ஆடித்தான் ஆகவேண்டும் என்று தூலியோ தீர்ப்புச் சொன்னார். முடியாத ஆட்டத்துக்கு அவர் கத்தி எடுக்கமாட்டாராம்.

எதிர்வீட்டு நாஃபர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கன்சோலின் மேல் கையை வைத்தவன் உடனே உதறிக்கொண்டான்.

"யப்பா, அடுப்புல்ல இது! காத்தாடி நின்னிருக்கும். திறந்தா பத்து நிமிஷ வேலை."

திருப்புளியும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆனால் கன்சோலின் அடியில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. திறந்தால் அது கிழியும், கிழிந்தால் வாரண்டி போய்விடும். வாரண்டி முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. கிழியாமல் தலைநகர் பொகோட்டாவுக்கு அனுப்பினால் கம்பெனியே சரிசெய்து தரும், இல்லாவிட்டால் புதிதாகவே தரும். என்ன, இரண்டு மாதம் ஆகும்.

ரூபியேலைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று புரியும். கன்சோலின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை இன்றுவரை அவன் உரிக்கவில்லை. அட்டைப்பெட்டி அலமாரியின் மேல் இருக்கிறது, உள்ளே தெர்மோகோல்கூட உடையாமல். டிவி ரிமோட்டுக்குப் போட்ட உறையையே கழற்றாதவன் அவன்.

கல்யாணப் பத்திரத்தையே படிக்காமல் கையெழுத்துப் போட்ட என் கணவர், மேசை இழுப்பறையைக் குடைந்து வாரண்டி அட்டையைக் கண்டெடுத்தார். கோயிலில் பாதிரியார் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"'அங்கீகாரம் இல்லாத நபர் திறந்தால் கம்பெனி பொறுப்பாகாது.' நாஃபர், உனக்கு அங்கீகாரம் இருக்கா?"

"உங்க மீசைக்கு இருக்கா?"

கிழி, கிழி என்று கூட்டம் தாளம் போட ஆரம்பித்தது. நானும் கைதட்டினேன்.

ரூபியேல் கன்சோலை லேசாகச் சாய்த்து, திருப்புளியின் முனையை ஸ்டிக்கரின் ஓரத்தில் வைத்தான். மீசையைப் பார்த்தான். ஸ்டிக்கரைப் பார்த்தான். மறுபடி மீசையைப் பார்த்தான். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"நாலு கோல்க்கா" என்றான் என்னிடம், அழாத குறையாக. "நாலு."

பிறகு திருப்புளியை நாஃபரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"அலமாரி மேல இருந்து அந்த அட்டைப்பெட்டிய எடுங்கப்பா."

எலியேசர் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு மூலையிலிருந்து தலையணை பறந்து வந்து அவர் முகத்தில் விழுந்தது. மீசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நகருங்க, ஒயர நான் கழட்டறேன்" என்று நான் முன்னால் போனேன்.

தூலியோ கத்தியை மடக்கிவிட்டு, மீதியிருந்த பியரை ஒரே மடக்கில் குடித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எலியேசர் மீசையின் இரண்டு நுனியையும் மாறி மாறி நீவிக்கொண்டே வந்தார். நான் கைப்பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"உனக்கு ரொம்ப ஏமாத்தம், இல்ல?"

"வயிறு எரியுது" என்றேன்.

ஆட்டத்தின் இடைவேளையின்போதே மூன்று கோல் விழுந்திருந்தது. தூலியோ தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான், மீசை இல்லாத யாரோ ஒருவர் நாளைக் காலையில் என் பக்கத்தில் கண் விழிப்பார் என்பது எனக்கு உறைத்தது. அடுக்களையில் நின்று ஒரு நிமிடம் நிஜமாகவே அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்த துணியை நாலாக மடித்துக்கொண்டு, வறுத்த வாழைக்காய்த் தட்டை டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற சாக்கில், கன்சோலின் பின்பக்கம் காற்று வெளியேறும் துளைகளை அழுத்தி அடைத்துவிட்டு வந்தேன்.

கைப்பைக்குள் அந்தத் துணி இன்னும் சூடாக இருந்தது.