முடிச்சுக்கு ஒரு கொத்து

நாளைக் காலை மிசுயேயின் வலது கையில் இரண்டு விரல்களை வெட்டி எடுக்கப்போகிறார்கள். இன்று மாலை அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு படிகத்தின் மாதிரியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஜப்பானின் செந்தாய் நகரத்துப் பனி சாம்பல் நிறத்தில் இறங்குகிறது. மரச்சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் மேலும் கீழுமாக நூல்கள் ஓடுகின்றன. அவை சந்திக்கிற முடிச்சுகள் வெறும் இடங்கள்தான். ஒவ்வொரு முடிச்சிலும் அதே அணுக்கொத்தைத் தொங்கவிட்டால்தான் அது படிகம். கொத்து என்பது மஞ்சள் களிமண் உருண்டை ஒன்று, அதன் வலப்புறம் வெள்ளை உருண்டை ஒன்று. பல வருடம் எக்ஸ் கதிருக்கு முன்னால் படிகங்களைப் பிடித்த அவள் விரல்நுனிகள் கறுத்து, நகமில்லாமல் மரத்துக் கிடக்கின்றன. கொத்து நழுவித் தரையில் உருள்கிறது. கூட வேலை செய்யும் ஓனோதேரா குனிந்து எடுத்துக் கட்டுகிறான்.

"திருப்பிக் கட்டிட்டீங்க. எல்லாக் கொத்தும் ஒரே பக்கம் பாக்கலேன்னா இது வேற படிகம்."

"ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துலயும் குத்தம் சொல்லாம இருக்க முடியலையா?" அவன் சிரிக்கிறான்.

அவள் சிரிக்கவில்லை. "ஈயக் கையுறை அலமாரியில இருக்கு. இனிமே போட்டுக்குங்க, ஓனோதேரா."

"கண்டிப்பா, மிசுயே."

அவள் இடது கையாலேயே கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறாள். அவன் பக்கத்து அறைக்குப் போய்க் கதிர்க்குழாயை முடுக்குகிறான். கையுறையை மாட்டிப் பார்க்கிறான். அதன் தடித்த விரல்களுக்குள் கடுகளவு படிகம் பிடிபடவில்லை. கழற்றி வைத்துவிட்டு, வெறும் விரல்களால் படிகத்தை எடுத்துக் கதிரின் முன்னால் பிடிக்கிறான். கதிர் பட்டு ஒளிரும் திரையின் பச்சை வெளிச்சம் அவன் நகங்களில் விழுகிறது.