மைனரின் கடைவாய்

"இன்னிக்கு என் தோள்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டான் மைனர்," என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி.

பூட்டுக் கடை வைத்திருந்த கணவருக்கு வயிறு எரிந்தது. மைனர் ஒரு குதிரை என்பது தெரிந்தும் எரிந்தது. குதிரைகளுக்குப் பல் வைத்தியம் பார்ப்பது அவள் தொழில். ஒரு மாதமாக வீட்டில் மைனர் புராணம்தான்.

"கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல இடுக்கு விழுந்திருக்குங்க. புல்லு போய் அடைச்சு, அழுகி, ஈறெல்லாம் புண்ணு. மென்னதைப் பாதியில துப்பிடுறான், பாவம்."

"பாவம்தான்."

அவருக்கும் கொஞ்ச நாளாகக் கடைவாயில் குத்துவலி. சொல்லவில்லை. ஊர்க் குதிரைக்கெல்லாம் வாய் பார்க்கிறவள், கட்டின புருஷன் வாயைத் தானாகக் கவனிக்கட்டும் என்று வீம்பு.

தட்டைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. குழைய வெந்த காய், பாலில் ஊறிச் சொதசொதவென்று ரொட்டி. லாயத்துக்கு ஓடுகிற அவசரத்தில் சமைத்தால் இந்த லட்சணம்தான்.

"துரைக்கு என்ன விருந்து?"

"நீளப் புல்லை நிறுத்தியாச்சு. பொடியா நறுக்கித் தர்றோம். தினமும் இடுக்கைக் குடைஞ்சு, தண்ணி பீச்சிக் கழுவுறேன். அதுக்கும் சரியாகலைன்னா இடுக்கை அராவி அகலமாக்கணும், அப்பதான் புல்லு தங்காது. ஆனா வலியில இருக்கறவனை அதட்டக் கூடாதுங்க. அவனா வந்து வாயைக் காட்டணும்."

"அந்தப் பொறுமை எங்கிட்ட மட்டும் கிடையாது," என்று முணுமுணுத்தார்.

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நேராக லாயத்துக்குப் போனார். மைனரின் வாயை இரும்புச் சட்டம் போட்டுத் திறந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டிருந்தாள்.

"என் ராஜா இல்ல? இன்னும் கொஞ்சம்டா."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவரை ஒரு தடவைகூட ராஜா என்றதில்லை. அதோடு அவருக்குப் பொறுமை போனது.

"பதினோரு நாளா பல்லு வலியில செத்துக்கிட்டிருக்கேன்! இந்தக் கழுதை வாய்க்குள்ள பார்க்கத் தெரியுது, புருஷன் மூஞ்சியைப் பார்க்க உனக்கு நேரமில்ல!"

லாயக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியோடு வெளியே நழுவினார். அவள் திரும்பக்கூட இல்லை.

"இடது பக்கம், கீழ, கடைசிக்கு முந்தின பல்லு," என்றாள். "பதினொண்ணு இல்லைங்க, பதிமூணு."