திருடனுக்குப் போன கடிதம்

பிற்பகல் வெயில் மடிக்கணினித் திரையில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. இளையவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மறுபடியும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்கிறாள். வெளியூரில் இருக்கும் மூத்தவளின் பேரில் எவனோ ஒருவன் மெயில் அனுப்பியிருக்கிறான்: படங்களைப் பார்க்க இங்கே அழுத்துங்கள். லேத் பட்டறையில் முப்பது வருஷம் மயிரிழை பிசகாமல் இரும்பு கடைந்தவர், கேட்ட உடனே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்துவிட்டார். "படம் ஒண்ணும் வரலம்மா. அதான் பதில் எழுதினேன்" என்கிறார் கூச்சத்தோடு.

பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. அவர் போனுக்கு வந்த ஆறு எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, இவள் தட்டியாயிற்று. இனி அந்த மெயிலை அழிக்க வேண்டும். அதன் கீழே அப்பாவின் பதில் இருக்கிறது. 'என் செல்லமே, நீ இல்லாத வீடு வீடாவே இல்லடா. உன் குரல் கேட்டா அன்னைக்கு முழுக்கத் தெம்பா இருக்கு...' ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிய முழுப் பக்கம். தினமும் வந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற இவளிடம் அவர் கேட்பது "வந்தியா?", "கிளம்பிட்டியா?" என்ற இரண்டே கேள்விகள்தான். அக்கா மேல் பொறாமை அவளுக்குப் பழகிப்போன ஒன்று. இப்போது முகம் தெரியாத அந்தத் திருடனை நினைத்தும் வயிறு எரிகிறது.

"அழிச்சிட்டியாம்மா?" மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அப்பா கேட்கிறார்.

"இதோப்பா."

அவள் அந்தப் பதிலை முதலில் தன் மெயிலுக்கு அனுப்பிக்கொள்கிறாள். பிறகுதான் அழிக்கிறாள்.