ஞாயிற்றுக்கிழமைத் தூது

"இன்னைக்கும் பதில் சொல்லலையா மாமா?"

அந்துவாலம் காபிக் கடை முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். அவனுக்காகப் பெண் கேட்கப் போன மூன்று பெரியவர்களும் எதிர்வீட்டுத் தகரக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். தோளில் வெள்ளைப் போர்வை, கையில் தடி என்று பெண் கேட்கப் போகிறவர்களுக்கு உண்டான அத்தனை லட்சணமும் இருந்தது. பதில்தான் இல்லை.

"இல்லைன்னு சொல்லலைடா," என்றார் தாய்மாமன் வொர்க்னே. "அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கார்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க, அதுக்கு முந்தின வாரமும் இதைத்தான் சொன்னீங்க! நிக்க வெச்சே அனுப்பிட்டாரா, உக்காரச் சொன்னாரா?"

"உக்காந்துதான் பேசினோம். மூணு சுத்து காபியும் ஆச்சு."

அதுதான் அவனுக்குப் புரியவில்லை. பெண் கேட்க வந்தவர்கள் வந்த விஷயத்தைச் சொல்லாமல் உட்காரக் கூடாது. எத்தியோப்பியாவின் இந்தத் தெஸ்ஸே ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டால் பெண் வீட்டுக்குக் கௌரவம் இல்லை, அதுவும் தெரியும். ஒரு வாரம் பிகு பண்ணலாம். ஒரே மகள், சரி, ரெண்டு வாரம் பண்ணட்டும். மூன்று வாரமா!

இன்னும் பதினைந்து நாளில் பெருநோன்பு தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது. அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் தெனாயேவுக்கோ, அவள் வேலை பார்க்கும் பஹிர்தார் ஆஸ்பத்திரியிலிருந்து எல்லையோர ஊருக்கு மாற்றல் வந்து நிற்கிறது. புருஷன் தெஸ்ஸேயில் இருக்கிறான் என்றால் இங்கே மாற்றிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் மூன்று வருஷம் அங்கேதான்.

"நான் சொல்லிக் குடுத்த மாதிரி ஆரம்பிச்சீங்களா மாமா?"

"அதுல ஒரு குறையும் இல்ல. நாவல்லதான் ஆரம்பிச்சோம்."

அது அந்துவாலத்தின் சொந்த யோசனை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தெனாயேவின் அப்பா அஸ்ரெஸ், சரித்திரப் போர் நாவல் என்றால் உயிரை விடுவார். குதிரை, ஈட்டி, முற்றுகை என்று வந்துவிட்டால் அவருக்குப் பசி தெரியாது. இத்தாலிக்காரர்களை முறியடித்த அத்வாப் போருக்கு மட்டுமே ஓர் அலமாரி வைத்திருக்கிறார். 'அதைப் பத்தி நாலு வார்த்தை பேசி மனுஷனைக் குளிர வெச்சுட்டு அப்புறம் விஷயத்தை எடுங்க' என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான்.

அப்போதுதான் மூவரில் ஒருவரான பாதிரியார் கிதானேயின் கண்களைக் கவனித்தான். செக்கச் சிவந்து போயிருந்தன.

"ஐயையோ, அழுதீங்களா சாமி? அப்படி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் கேக்காதப்பா." பாதிரியார் போர்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நல்ல பையன். தாய்க்கு ஒரே புள்ள. அவனுக்கா இந்தக் கதி!"

அந்துவாலம் தாய்க்கு ஒரே பிள்ளைதான்.

உடனே தெனாயேவுக்குப் போன் போட்டான். "உங்கப்பா என்னதான் சொல்றார்?"

"உன்னைப் பத்தி மூச்சே விடலை. நானா வாயைத் திறந்து கேக்கவும் முடியாது. ஆனா ஒண்ணு, ஞாயித்துக்கிழமை போன்ல பேசினா மட்டும் ரொம்பக் குஷியா இருக்கார்."

"என்னை அலைய விடறதுல அவ்வளவு குஷியா அவருக்கு!"

நாலாவது ஞாயிறும் வந்தது. பெரியவர்கள் உள்ளே போய் ஒரு மணி நேரம் இருக்கும். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அஸ்ரெஸின் குரல் இடி மாதிரி வந்தது.

"அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்! என் வாசலை மிதிச்சான்னா உயிரோட திரும்ப மாட்டான்!"

காபிக் கடையே திரும்பிப் பார்த்தது.

"உங்க மாமனாரா?" என்றாள் கடைக்காரி. "குரல் நல்லாக் கணீர்னு இருக்கே."

"இன்னும் ஆகலை. ஆகவும் மாட்டார் போலிருக்கு."

அதற்கு மேல் அவனுக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளையாகப் போகிறவன் தானே அந்த வீட்டுக்குள் நுழைவது மரியாதை இல்லைதான். ஆனால் மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் நோன்பு வந்துவிடும். வருவது வரட்டும் என்று தெருவைக் கடந்து உள்ளே பாய்ந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே போய் அஸ்ரெஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஊர் வழக்கப்படி முத்தமிட்டான்.

"ஐயா, ஒண்ணு தெனாயேவை எனக்குக் குடுங்க, இல்ல முடியாதுன்னு சொல்லிடுங்க! நாலு வாரமா இப்படி இழுத்தடிக்காதீங்க!"

அஸ்ரெஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். மடியில் ஒரு தடிப் புத்தகம் விரித்தபடி இருந்தது.

"யாருப்பா நீ? கோட்டைக் கதவு உடையப்போற நேரத்துல உள்ள பூந்து என் பொண்ணைக் கேக்கறே?"

"நானாக் கேக்கலைங்க, இவங்கதானே நாலு வாரமாக் கேக்கறாங்க!"

"இவங்களா? நான் நாவல் படிக்கறதைக் கேக்கத்தானே இவங்க வர்றாங்க!"

அந்துவாலம் மெல்லத் தலையைத் திருப்பினான். பாதிரியார் கூரையைப் பார்த்தார். மூன்றாமவர் காலிக் கோப்பையைத் தூக்கிக் குடித்தார்.

அஸ்ரெஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப் பாவிங்களா, பொண்ணு கேக்கவா வந்தீங்க? தெனாயேவுக்குப் பிடிச்சிருந்தா எனக்கென்ன தடை? வழக்கத்துக்கு ஒரு வாரம் பிகு பண்ணிட்டு, ரெண்டாவது வாரமே சரின்னு சொல்லியிருப்பேனே!"

"அந்தப் பயம்தாங்க ஐயா," என்று வொர்க்னே தலையைச் சொறிந்தார். "நீங்க பாட்டுக்குச் சரின்னு சொல்லிட்டா, அப்புறம் எந்தச் சாக்குல வந்து மீதிக் கதையைக் கேக்கறது?"