விழுந்த மகசின்

சுவிஸின் சூக் நகருக்கு வெளியே உள்ள சுடுதளத்தில் சனிக்கிழமை வெயில் சீமெந்துத் தரையில் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் நண்பன் கோபிசனின் முழங்கை பட்டு, இராணுவ சேவையில் இருக்கும் வேணுகாவின் துவக்கில் பொருத்தும் பிளாஸ்டிக் ரவைக்கூடு, மகசின், ரவைகளோடு விழுந்து துள்ளுகிறது. அவளுக்கு இன்னும் ஐந்து ரவைகள், ஒரு நிமிடம். ஒன்று சிக்கினாலும் படையினருக்கான இந்த வருடக் கட்டாயச் சூட்டுத் தேர்வில் தேற மாட்டாள். "முடிஞ்சுது உன்ர கதை. என்ர பழைய துவக்கின்ர இரும்பு மகசினெண்டால் தாங்கியிருக்கும்" என்கிறான். "இரும்பு நெளிஞ்சா லேசில தெரியாதடா. இந்தப் பிளாஸ்டிக்கில வெடிப்பு விழுந்தாக் கண்ணுக்குத் தெரியும்." புகைநிறக் கூட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறாள். உள்ளே பித்தளை ரவைகள் வரிசை குலையாமல் நிற்கின்றன, விளிம்பில் வெடிப்பில்லை. தூசியைத் துடைத்து, துவக்கில் பொருத்திப் படுக்கிறாள். ஐந்தும் தடங்கலின்றிப் போகின்றன. பக்கத்து இலக்குத் திரையில் தேர்ச்சிப் புள்ளி ஒளிர்கிறது. வெறும் மகசினைக் கழற்றி அவன் கையில் வைக்கிறாள்: "வேணுமெண்டா இன்னொருக்காத் தட்டி விடு."